ரோமாபுரிக்குப் போன மந்திரிப்புச் சேலை

எங்கள் வீட்டில் எனக்கு எதையும் இரவல் தர மாட்டார்கள். நாற்பதை நெருங்குகிற ஆள் நான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், திருச்சியில் ஒரு பைப் கம்பெனியில் சூப்பர்வைசர். இருந்தும் மழைக்கு ஒரு குடை கேட்டால்கூட, "எங்க, ரோமாபுரிக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் என் மனைவி எடுத்துக் கொடுப்பாள். கல்யாணமாகி வந்த மறுவாரமே எங்கப்பா அவளுக்கு இந்த வசனத்தைப் பாடம் நடத்திவிட்டார். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதை ஒருதடவை முழுசாக எழுதிவிடுகிறேன்.

விராலிமலையில் பைபாஸை விட்டு இறங்கி உள்ளே வந்தால் எங்கள் ஊர். மானாவாரிக் கொல்லைகள், கைவிட்ட கல் குவாரி ஒன்று, ஊர்ப்பட்ட மயில், ஒரு பழைய மாதா கோயில். வருடத்தில் ஒருநாள் எங்கள் ஊர் ரோமாபுரி ஆகிவிடும். பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் திடலில் பாஸ்கா நடக்கும். ஆண்டவரின் பாடுகளை ஊர்க்காரர்களே வேஷம் கட்டி நடித்துக் காட்டுகிற நாடகம் அது. பன்னிரண்டு ரோமாபுரிச் சிப்பாய்கள் உண்டு. பெயின்ட் வாளியை வெட்டி அலுமினிய பெயின்ட் அடித்து, உச்சியில் சிவப்புச் சாயம் தோய்த்த விளக்குமாற்றை நட்டால் அவர்களுக்குத் தலைக்கவசம். பழைய ரெக்சின் சீட்டு மார்க்கவசம். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். (கிட்டே போனால் பெயின்ட் கம்பெனியின் பெயர் தெரியும்.)

எங்கப்பாதான் பிலாத்து. தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவுகிற ரோமாபுரிக் கவர்னர். மொத்தம் இருபது நிமிஷ வேஷம்தான், ஆனால் இருபத்திரண்டு வருடமாக அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பாவுக்கு லைன்மேன் வேலை. கரண்டுக் கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே நிற்பவனோடு பேசிப் பழகிய குரல், மைக் வேண்டாம். அந்தக் குரல் எழும்பினால் கடைசி வரிசையில் தூங்குகிற குழந்தையும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்பாவின் தோளிலிருந்து கணுக்கால் வரை தொங்குகிற மேலங்கி, எங்கம்மாவின் மந்திரிப்புச் சேலை. கல்யாணத்தன்று பூசையில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த கூறைச் சேலை, அரக்குப் பட்டு, உள்ளங்கை அகலச் சரிகை. அப்பாவுக்கு முதன்முதலில் பிலாத்து வேஷம் கிடைத்தபோது அவர் ஒரு சிவப்புப் போர்வையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். "கவர்னரு போர்வையப் போத்திக்கிட்டா போவாரு?" என்று கேட்டுவிட்டு அம்மா அவளாகவே அந்தச் சேலையில் கத்தரியை வைத்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க அப்பா சாப்பிடவில்லையாம். அதற்குப் பிறகு அந்த மேலங்கியின் நுனி தரையில் பட்டு யாரும் பார்த்ததில்லை. பாஸ்கா முடிந்ததும் அவரே நிழலில் காயப்போட்டு, அவரே மடித்து, சிப்பாய்ச் சாமான்களோடு எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் வைப்பார். பாஸ்காவுக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று பூசை முடிந்து, பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்த பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும். அது ஊர் வழக்கம்.

இப்போது கதாநாயகனுக்கு வருவோம். அதாவது எனக்கு. வயது இருபத்து நாலு. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்தேன். வேலை தேடவில்லை என்று சொல்ல முடியாது. சினிமா வேலையாகத் தேடினேன், அது விராலிமலையில் கிடைக்கவில்லை.

அந்த வருடம் தவக்கால நோன்பு நாட்களில் அதுவே ஊர் தேடி வந்தது. ரோமாபுரிக் கவர்னரின் மகளுக்கும், முத்து விற்கக் கப்பலேறிப் போன தமிழ் வணிகனுக்கும் காதல். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின கதை. ரோமாபுரிக்குப் போக வசதியில்லாததால் எங்கள் ஊர்க் குவாரிக்கு வந்திருந்தார்கள். வெட்டி எடுத்த பாறை படிப்படியாக இருக்குமல்லவா, அதன் முன்னால் தெர்மோகோல் தூண்களை நட்டு அரண்மனை ஆக்கியிருந்தார்கள். முதல் நாளே ஒரு மயில் தூணின் உச்சியில் ஏறி, காதல் வசனத்துக்கு நடுநடுவே அகவிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் டீக்கடையில் அந்தப் படத்தின் மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து வந்த உடுப்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே முகலாயத் தலைப்பாகையும் பைஜாமாவும் இருந்தனவாம். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, ரோமாபுரிச் சிப்பாய் பன்னெண்டு பேரு வேணுமாண்ணே?"

"தம்பி, நானே கடுப்புல இருக்கேன்."

"வெளையாட்டுக்கு இல்லண்ணே. எங்க வீட்டுப் பெட்டியில இருக்காங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விளக்கிச் சொன்ன பிறகு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சாமான்களையும் ஆட்களையும் கொண்டுவந்தால் என்னை அசிஸ்டெண்ட் டைரக்டராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

அப்பா திருச்சியில் மூன்று நாள் தியானக் கூட்டத்துக்குப் போயிருந்தார். (இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.) பெட்டிச் சாவி அம்மாவிடம். அடுப்படியில் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். அம்மா அடுப்பைத் தணித்தாள். நான் சும்மா இருப்பதை அவள் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. ஆனால் கோயிலில் யாராவது "மகன் என்ன பண்றாரு?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். எனக்கு அது தெரியும்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னடா சொல்லுவாக?"

"அப்பா வாறதுக்குள்ள கொண்டாந்து வச்சிருவேன்ம்மா."

முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தாள். "இப்பவாச்சும் ஒனக்கு ஒரு வழி பொறக்குதான்னு பாப்பம். சிப்பாய்ச் சாமானை எடுத்துக்க. அந்தச் சேலையத் தொட்டுறாத."

"தொட மாட்டேன்ம்மா" என்றேன். அதைச் சொன்னபோது நிஜமாகவே தொடுகிற எண்ணம் எனக்கு இல்லை. இதைச் சொல்லி எந்தப் பிரயோஜனமும் கிடையாது, ஆனாலும் சொல்லிக்கொள்கிறேன்.

சிப்பாய்களாக வருடாவருடம் நடிக்கிற பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டேன். அவர்களுக்குத் தலைவர் அந்தோணி சித்தப்பா. "ஒங்கப்பா சரின்னுட்டாரா?" என்றார். "சரின்னுட்டாரு சித்தப்பா" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குவாரியில் ஊரே திரண்டுவிட்டது. என் கையில் கிளாப் கட்டையைக் கொடுத்தார்கள். அதை நான் பிடித்திருந்த பவுசை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திருப்பலியில் சாமியார் பாத்திரத்தைத் தூக்குவாரே, அப்படிப் பிடித்திருந்தேன்.

டைரக்டர் கவர்னர் வேஷக்காரரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இவரு என்னய்யா, ரேஷன் கடை க்யூவுல நிக்கிற மாதிரி நிக்கிறாரு. மேல ஏதாச்சும் கம்பீரமா வேணும்."

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் "சார், ஒண்ணு இருக்கு சார்" என்றேன். டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சாவி என் பாக்கெட்டிலேயே இருந்தது. சேலையை எடுத்தபோது அதற்குள் அப்பா வைத்திருந்த காய்ந்த வேப்பிலை உதிர்ந்தது. அதைக் கூட்டி அள்ளித் திரும்பப் பெட்டிக்குள்ளேயே போட்டேன். திருடனுக்கு இவ்வளவு பொறுப்பு.

காட்சி இதுதான். முத்து வணிகனைச் சிப்பாய்கள் கவர்னர் முன்னால் இழுத்து வர வேண்டும். அவன் ஒருதடவை கீழே விழ வேண்டும். கவர்னர் மகள் ஓடி வந்து தடுக்க வேண்டும். ஹீரோவுக்கு வெள்ளை அங்கி, தோள்வரை முடி, தாடி, கைகளில் கயிறு. இதைப் பார்த்த உடனேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இழுத்துட்டு வர்றது நெஜம் மாதிரி இருக்கணும்" என்றார் டைரக்டர்.

"அத நீங்க எங்களுக்குச் சொல்ல வேணாங்க" என்றார் அந்தோணி சித்தப்பா.

கிளாப் அடித்தேன். எங்கள் ஆட்கள் ஹீரோவை இழுத்தார்கள். பதினைந்து வருட அனுபவம் பேசியது. வழக்கமான ஏளனச் சிரிப்பைச் சிரித்தார்கள். ஹீரோ "அண்ணே, மெதுவாண்ணே" என்று கெஞ்சினார். சொன்னபடி ஒருதடவை விழுந்தார். டைரக்டர் முகம் மலர்ந்தது. ஆனால் எங்கள் சிப்பாய்களுக்குத் தெரிந்த கணக்கு மூன்று. பாஸ்காவில் ஆண்டவர் மூன்று தடவை விழுவார். அதனால் ஹீரோவைத் தூக்கி நிறுத்தி இரண்டாம் தடவை விழவைத்தார்கள். மறுபடி தூக்கி மூன்றாம் தடவையும் விழவைத்தார்கள். வேடிக்கை பார்த்த பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரோ மாதாவின் துயரத்தைச் சொல்கிற வியாகுலப் பாட்டை எடுத்துக் கொடுக்க, மொத்தக் கூட்டமும் மூக்கைச் சிந்திக்கொண்டே பாட ஆரம்பித்தது.

அப்போதுதான் ஆரோக்கியம் அத்தை ஒரு துண்டோடு கேமராவுக்கு முன்னால் வந்தார். பாஸ்காவில் அவர்தான் வெரோனிக்கா. மூன்றாம் விழுகைக்குள் போய் ஆண்டவரின் முகத்தைத் துடைத்து, துண்டில் பதிந்த திருமுகத்தைக் காட்டுவது அவர் பொறுப்பு, இந்தத் தடவை கொஞ்சம் பிந்திவிட்டது. ஹீரோவின் முகத்தை அழுந்தத் துடைத்து, துண்டை விரித்து ஊருக்குக் காட்டினார். முகம் அச்சாகப் பதிந்திருந்தது. மேக்கப் முழுவதும் அதில்தான் இருந்தது.

"யாருய்யா இந்தம்மா?" என்று டைரக்டர் அலறினார்.

இதற்கு நடுவில், எங்கிருந்தோ ஓடி வந்த ஹீரோயின் ஹீரோவைக் கட்டிப்பிடித்துவிட்டாள். பாட்டு நின்றது. "அடி ஆத்தி, தவக்காலத்துல இது என்னடி அநியாயம்" என்று ஒரு குரல். அந்தோணி சித்தப்பா ஈட்டியைக் குறுக்கே நீட்டி, "அம்மா, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க" என்றார்.

மதியம் பிரியாணி வந்தது. வெள்ளிக்கிழமை, தவக்காலம், கறி தொடக்கூடாது; பன்னிரண்டு சிப்பாய்களும் கவசத்தோடு வரிசையாக உட்கார்ந்து ரசம் கேட்டார்கள். மேனேஜர் மறுபடி தலையில் கை வைத்துக்கொண்டார்.

இதுவரைக்கும் நடந்ததோடு முடிந்திருந்தால் நானே இந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருப்பேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்த டைரக்டருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது.

"அந்தம்மா துடைச்சது நல்லாருந்துச்சுய்யா. நம்ம ஹீரோயின் அதைச் செய்யட்டும். அப்பன் தோளுல கெடக்குற மேலங்கிய சரக்குன்னு கிழிச்சு, காதலனோட காயத்துல கட்டுறா. அதிகாரத்தைக் கிழிச்சுக் காதலுக்குக் கட்டுறா. எப்படி?"

எல்லோரும் பிரமாதம் என்றார்கள். அதிகாரமும் இல்லை, ஒன்றும் இல்லை, அது எங்கம்மாவின் சேலை. அந்தோணி சித்தப்பா என் பக்கத்தில் நின்றிருந்தார். மேலங்கியை உற்றுப் பார்த்தார். அவருக்கு முகம் மாறியது.

"டேய், அது ஒங்கம்மா சேலைடா. நிறுத்தச் சொல்லுடா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா இருங்க சித்தப்பா, டேக் போகுது" என்றேன்.

'சார், வேணாம் சார்' என்று மூன்று வார்த்தை. அதைச் சொன்னால் கையிலிருக்கிற கட்டையை வாங்கிவிடுவார்களோ என்று பயந்தேன். கவர்னர் முன்னால் போய் நின்று நானே கிளாப் அடித்தேன். ஹீரோயின் அவர் தோளில் கை வைத்து மேலங்கியை இழுத்தாள். பட்டு கிழிகிற சத்தம் குவாரிப் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. சிவப்புச் சாயத்தில் நனைத்துக் காயத்தில் கட்டினாள். அழகாகத்தான் அழுதாள்.

"ஒன்ஸ் மோர்" என்றார் டைரக்டர்.

இன்னொரு தடவை கிளாப் அடித்தேன். அதற்குப் பிறகும் ஒருதடவை.

சாயங்காலம் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா வாங்கி விரித்துப் பார்த்தாள். சிவப்பை மோந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, சர்பத்தா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அலசினாள். தையல் மெஷினில் வைத்து இரண்டு கிழிசலைச் சேர்க்கப் பார்த்தாள். பழைய பட்டு, ஊசி போன இடத்திலெல்லாம் பிரிந்துகொண்டு போனது. மெஷினை மூடிவிட்டு, "அப்பாட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றாள். நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் எப்போதோ போய்விட்டது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

குருத்து ஞாயிறு வந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அப்பா பெட்டியைத் திறந்தார். மேலங்கியை எடுத்தார். கந்தலாகத் தொங்கியது.

"எலி கடிச்சிருச்சுங்க" என்றாள் அம்மா.

அப்பா ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்தார். தியானம் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றைக்கே டீக்கடையில் அவருக்கு முழுக் கதையும் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு வாரமாக மனுஷர் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார்.

"எலிக்குச் சினிமா ஆசை வந்திருச்சு போல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "கிழிக்கிறப்ப நீ எங்கிட்டு நின்ன?"

"அங்கிட்டுதான்ப்பா... கிளாப் அடிச்சேன்."

"நிறுத்துங்கன்னு ஒரு வார்த்த சொல்லலையா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. அடித்திருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்ந்து நான் தூங்கியிருப்பேன்.

மறுநாளே புதுக்கோட்டைக்குப் போய் அரக்கு நிறத்தில் சாட்டின் துணி வாங்கி வந்தேன். அப்பா தொடவில்லை. அம்மா பீரோவிலிருந்து வேறொரு பட்டை எடுத்தாள். "ஒரு தடவ வெட்டுனது போதும்" என்று அப்பா சொல்லிவிட்டார். பெரிய வெள்ளி அன்று, குவைத்திலிருந்து மாமா கொண்டுவந்த கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மேடை ஏறினார். அது அரக்கு நிறம்தான், ஆனால் நடுவில் ஒரு புலி. திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறார், அந்தப் பக்கமும் புலி.

பிலாத்து மேடைக்கு வந்ததும் கூட்டம் சிரித்தது. இருபத்திரண்டு வருடத்தில் அப்பா வந்து நின்று யாரும் சிரித்ததில்லை. அந்த வெயில் காலத்தில் வேர்வை வழிய, கம்பளிக்குள் நின்றுகொண்டு தீர்ப்பைச் சொன்னார். கை கழுவும்போது போர்வை நுனி தாம்பாளத்துக்குள் விழுந்து தண்ணீரைக் குடித்துக் கனத்தது. மறுபடி சிரித்தார்கள். அப்பாவுக்கு வசனம் நின்றுபோனது. ஞாபகத்துக்குக் கொண்டுவந்து மிச்சத்தைச் சொல்லி முடித்தார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. நான் பின்வரிசையில்தான் நின்றிருந்தேன்.

அடுத்த வருடம் தொண்டை சரியில்லை என்று வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அதே வாரம் கம்பத்தின் உச்சியிலிருந்து அவர் யாரையோ சத்தம் போட்டது மூன்று தெரு தாண்டி எனக்குக் கேட்டது. அவருக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை. அந்த வேஷத்தை அவரிடமிருந்து பிடுங்கியவன் நான்தான். கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போன சினிமாக்காரர்கள் கூப்பிடவே இல்லை. மூன்று நாள் அசிஸ்டெண்ட் டைரக்டராக இருந்தேன், அத்தோடு சரி. படமும் வெளிவரவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அந்தோணி சித்தப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. யாரோ அந்தப் படத்தை யூடியூபில் ஏற்றிவிட்டிருந்தார்கள். நான் அதை யாருக்கும் காட்டவில்லை. சித்தப்பா அப்பாவுக்கும் அனுப்பியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது, "டிவியில போடு, பாப்பம்" என்றார் அப்பா. ரிட்டயர்டு ஆகி வீட்டில் இருந்தார். குடும்பமே உட்கார்ந்தது. பெயின்ட் வாளிக் கவசங்கள் வந்ததும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹீரோ மூன்று தடவை விழுந்ததை அப்படியே வைத்திருந்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு கவர்னர் வந்தார்.

கேமரா பக்கத்தில் போனது. சரிகை வெயிலில் மின்னியது. ஒரு கிழிசல் இல்லை, ஒரு நூல் பிரியவில்லை.

"எம்புட்டு நல்லாருக்கு" என்றாள் அம்மா. "எங்கப்பா காரைக்குடி வரைக்கும் போயி எடுத்தது."

கவர்னர் மகள் ஓடி வந்தாள். தோளை நோக்கிக் கை போனது. ரிமோட் என் கையில் இருந்தது. நான் அமுக்கிவிட்டேன். படம் அப்படியே நின்றது. அவள் விரலுக்கும் சேலைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இப்பயாச்சும் நிறுத்துனியே" என்றார்.

அம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும். நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன், கொஞ்ச நேரம் திரும்பி வர முடியவில்லை. இப்போது நான் ஃபேனை நிறுத்தினாலும், வண்டியை நிறுத்தினாலும் என் மகள்கூட அந்த வார்த்தையைத்தான் சொல்கிறாள். பெரிய வெள்ளி வந்தால் அப்பா அந்தப் படத்தைப் போடச் சொல்வார், அந்த இடத்தில் நான் நிறுத்த வேண்டும். அதற்குமேல் எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அந்தக் காதல் கடைசியில் சேர்ந்ததா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது.